பதினேழாவது குறிப்பு

சாவி ஜெராக்ஸ் கடையில் இருந்தது.
கடைக்காரர் முகத்தை நிமிர்த்தாமலே கேட்டார்:
"நாப்பது நாளைக்கு நீங்கதான் ஜைபு அக்காவா?"
ஆமாம் என்றேன்.

ஜைபுன்னிசா பீளமேட்டில்,
என் ஒன்பதாவது மாடியில்,
ஆடிட்டர் பரீட்சைக்குப் படிக்கிறாள்.
அவளுக்கு அமைதி வேண்டியிருந்தது,
எனக்குச் சத்தம்.
ஏன் என்று அவள் கேட்கவில்லை.
அதற்காகவே வீட்டை மாற்றிக்கொண்டேன்.

ஃப்ரிட்ஜ் கதவில் பதினாறு குறிப்புகள்.
மூன்று: மோட்டார் போட்டா மறக்காதீங்க, கீழ்வீடு நனையும்.
ஏழு: மத்தியானம் மொட்டைமாடித் தாழ்ப்பாளைத் தொடாதீங்க.
பதினொன்று: பூனை நம்முளுது இல்ல. ஆனா வரும்.

சன்னலுக்குக் கீழே
லாட்ஜ், லாட்ஜ், மருந்துக்கடை, லாட்ஜ்.
பலகைகளில் வங்காள எழுத்து
கொடியில் காயப்போட்ட துணி மாதிரி
ஒரு கோட்டிலிருந்து தொங்குகிறது.
இளநீர்க்காரர் "டாப், டாப்" என்று கூவுகிறார்.
அணைக்கட்டுக்காரர்.
வங்காளம் எங்கே படித்தீர்கள் என்றேன்.
"பாஷை இன்னா பாஷை,
தாகம் எட்த்தா தானா வந்துடும்."

என் வேலை மடிக்கணினிக்குள்.
காப்பீட்டுக் கோரிக்கைகளைப் படித்து முடிவெழுத வேண்டும்.
அறை வாடகை வரம்பு மீறியது.
நோய் முன்பே இருந்தது.
மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து இல்லை.
ஒரு நாளைக்கு நாற்பது பேர்,
ஒருவருக்கும் முகம் கிடையாது.

இரண்டாம் நாள், பதினொரு மணிக் கூட்டத்தின் நடுவே
யாரோ கதவைத் தட்டினார்கள்.
நீல ஃப்ளாஸ்க்கோடு ஓர் இளைஞன்.
"திதி, கொரம் ஜொல்…" நிறுத்தி, யோசித்து,
"சுடுதண்ணி."
பதினாறு குறிப்பிலும் அவன் இல்லை.
மைக்கை அணைத்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.
பேச ஒன்றுமில்லாமல்
இருவரும் பாத்திரத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.
பெயர் நிதாய். ஊர் மால்டா. அண்ணனுக்குச் சிறுநீரகம்.
லாட்ஜில் கெட்டில் போட்டால் ஃப்யூஸ் போய்விடுமாம்.

யார் இது என்று ஜைபுவுக்கு அனுப்பினேன்.
"ஐயோ, எழுத மறந்துட்டேன்.
போன வருஷம் வேற ஒருத்தர், அதுக்கு முன்ன ஒரு அம்மா.
ஆளு மாறும். ஃப்ளாஸ்க் வரும்."
சற்றுப் பொறுத்து இன்னொன்று:
"உங்க வீட்டுல யாருமே கதவத் தட்டமாட்டாங்களா?
பயமா கீது."

பதினொரு மணிக்கெல்லாம் என் மைக் அணைந்திருப்பது
மேலாளருக்குப் பழகிவிட்டது.
ஒருநாள் பொரியில் கடுகெண்ணெய் பிசைந்து கொண்டுவந்தான்.
மூக்கில் ஏறியது, பிடிக்கவில்லை,
முழுக்கத் தின்றேன்.
ஒருநாள் ஒரு படிவத்தை நீட்டினான்.
விரல்கள் மூன்றாம் பக்கத்தைத்தான் முதலில் திருப்பின.
கையெழுத்து இல்லை.
இங்கே, என்று காட்டினேன்.
எங்கள் கம்பெனி இல்லை அது.
இருந்தாலும் அன்று மாலை
என் நாற்பதில் முப்பத்தொன்றைத்தான் முடிக்க முடிந்தது.

முப்பத்து நான்காம் நாள்
ஃப்ளாஸ்க்கை வைத்துவிட்டு, இதோ வருகிறேன் என்று போனான்.
வரவில்லை.
சாயங்காலம் லாட்ஜில் விசாரித்தேன்.
"ரூம் எட்டா? காலி பண்ணிட்டாங்க."
நான் கேட்காமல் நின்றதைப் புரிந்துகொண்டு
மேனேஜர் பேனாவை மூடினார்.
"ரெண்டு பேராத்தான் போனாங்களான்னு தெரியல மேடம்.
நான் அப்பத்தான் டூட்டிக்கு வந்தேன்."

கடைசி நாள்
பதினாறுக்குக் கீழே எழுதினேன்:
பதினேழு: நீல ஃப்ளாஸ்க் மேல்தட்டில். மூடி கொஞ்சம் இறுக்கம்.
அதற்கு மேல் எழுத வந்ததை
எழுதி அடித்தேன். இரண்டு முறை.
சாவியை ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன்.

காட்பாடியில் ரயிலுக்கு நிற்கையில் ஜைபுவின் செய்தி:
"உங்க காலிங் பெல் வேலையே செய்யல.
ஆளு கூட்டினு வந்து மாத்திட்டேன்.
எத்தன வருஷமா இப்படி இருந்தது?"